ஏரி காத்த ராமரும் பறவை காத்த ஊரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, டீ போட்டு உட்கார்ந்து படிங்க. நானும் மூணு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து உட்கார்ந்துதான் எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் வாங்கும்போது நம்ம அரசமரத்தைப் பற்றி பெரிய வாக்குவாதம் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அத்தனை கொக்கும் அந்த மரத்துலதான் வந்து அடையுது. கீழே நிற்கிற காரெல்லாம் வெள்ளை. தகரக் கூரை வெள்ளை. நாற்றம் வேற. ஒரு அண்ணன் சொன்னார், நாலு நாள் தொடர்ந்து பட்டாசு போட்டா போதும், ஓடிடும்னு. இன்னொருத்தர், எதுக்கு வம்பு, குத்தகைக்காரரைக் கூப்பிட்டு மரத்தையே இறக்கிடலாம், 1,800 வெள்ளிதான் கேட்கிறாங்கன்னார். அடுத்த கூட்டத்துல முடிவு எடுக்கப் போறாங்க.

நான் அன்னிக்கு வாயைத் திறக்கல. கோபத்துல பேசினா தப்பாப் போயிடும். தம்பி ஒருத்தன் மட்டும், "அண்ணே, நீங்கதானே எப்பவும் சரித்திரம் பேசுவீங்க, இதுக்கு ஏதாச்சும் சரித்திரம் இருக்கா?"ன்னு கேட்டான். இருக்குடா தம்பி. இந்தப் பதிவே அதுக்குத்தான்.

2019 ஜனவரியில் நாங்க மூணு குடும்பம் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு கோயில் யாத்திரை போனோம். காஞ்சிபுரம் முடிச்சு மதுராந்தகம் வந்தோம். அங்க தரிசனம் முடிஞ்சதும் வேன் டிரைவர், "சார், வேடந்தாங்கல் பக்கந்தான், சீசன் நேரம், பார்த்துட்டுப் போங்க"ன்னார். பறவையைப் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்னு என் வீட்டுக்காரம்மா முணுமுணுத்தாங்க. ஆனா அன்னிக்குப் பார்த்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

அந்தப் பக்கத்தைப் பற்றி முதல்ல கொஞ்சம் சொல்லணும். காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம், செங்கல்பட்டு, இந்த வட்டாரத்துக்கே ஏரி மாவட்டம்னு பேர் இருக்கு. பெரிய ஆறு கிடையாது. பாலாறுகூட பாதி வருஷம் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழையைப் பிடிச்சு வச்சாத்தான் விவசாயம். நம்ம ஜோகூர்ல வருஷக் கடைசியில் வெள்ளம் கொண்டு வருதே அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். நமக்கு அது தொல்லை. அவங்களுக்கு அதுதான் சோறு. அதனால கரை போட்டு, மதகு வச்சு, ஒரு ஏரி நிறைஞ்சா வழியிற தண்ணி அடுத்த ஏரிக்குப் போகிற மாதிரி சங்கிலியா கட்டி வச்சிருக்காங்க.

இதையெல்லாம் ராஜா வந்து பார்த்துக்கிட்டாரா? இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல கல்வெட்டு இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919லும் 921லும் வெட்டினது. ஊரை 30 குடும்பா பிரிச்சு, குடவோலை போட்டு, வாரியம்னு குழுக்களைத் தேர்ந்தெடுத்தாங்க. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரிக்குன்னே ஒரு கமிட்டி! 1,100 வருஷத்துக்கு முன்னாடி. தகுதி என்ன தெரியுமா? வயசு 35க்கு மேல 70க்குக் கீழ. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேணும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. (நம்ம கமிட்டிக்கு இந்த விதி வந்தா எத்தனை பேர் மிஞ்சுவோம்னு நான் கேட்கல. சும்மா சொன்னேன்.) எல்லாரும் நிற்க முடிஞ்ச தேர்தலும் இல்லை அது. நிலம் இல்லாதவங்களுக்கும் பெண்களுக்கும் இடம் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். ஆனா கோயிலும் ஏரியும் ஒரே சபையின் கையில், ஒரே கணக்கில் இருந்தது என்பது நிஜம்.

இந்த ஏற்பாடு ரொம்ப காலம் ஓடியிருக்கு. 1763ல் ஆற்காடு நவாப் இந்தப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். கம்பெனிக்காரங்க 1767ல இருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்கிற இன்ஜினியரை வச்சு ஏறக்குறைய 2,000 ஊரை அளந்து கணக்கு எடுத்தாங்க. அந்தக் கணக்கைப் படிச்ச ஆய்வாளர்கள் சொல்றது, களத்துல நெல்லைக் குவிச்சதும் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே பொதுக் காரியங்களுக்குப் பங்கு எடுத்து வச்சிடுவாங்களாம். கோயிலுக்கு ஒரு பங்கு. ஏரிக்கு ஒரு பங்கு. தச்சன், கொல்லன், கணக்குப்பிள்ளை, தண்ணி பாய்ச்சிற ஆளு எல்லாருக்கும் அவங்கவங்க பங்கு. கரையை மேல இருந்து யாரும் வந்து சரிபண்ண வேண்டாம். சரிபண்ணுறதுக்கான நெல்லு ஊருக்குள்ளேயே இருக்கு. குடிமராமத்துன்னு சொல்றோமே, அதுக்குப் பின்னாடி இருந்த பலம் இதுதான்.

பிறகு 1780ல ஹைதர் அலி படை உள்ளே வந்தது. ஊர்கள் எரிஞ்சது, ஜனங்க ஓடினாங்க, பஞ்சம் வந்தது. ஏரியைப் பார்த்துக்க ஆளில்லாம கரை உடைஞ்சது. பல வருஷம் அப்படியே கிடந்த அந்த ஜில்லாவுக்கு 1794ல கலெக்டரா வந்தவர் லயனல் பிளேஸ் என்ற துரை. 1798 வரைக்கும் இருந்தார்.

இவர் நல்லவரா கெட்டவரான்னு ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. வரி வசூலில் ரொம்பக் கறார். மிராசுதாரர்களோட நேராவே மோதினவர். ஏரியைச் சரிபண்ணினதும் தர்மத்துக்காக மட்டும் இல்லை, ஏரியில் தண்ணி நின்னாத்தான் நெல்லு, நெல்லு இருந்தாத்தான் கம்பெனிக்கு வரி. நான் சூப்பர்வைசர், எனக்கு இந்த மாதிரி மேனேஜரைத் தெரியும். டார்கெட்டுக்காக மெஷினைப் பார்த்துக்குவார், ஆனா நல்லாவே பார்த்துக்குவார். அதோட இவருக்குக் கோயில் திருவிழா மேலயும் ஒரு ஈடுபாடு இருந்தது. காஞ்சிபுரத்துக் கோயில் காரியங்களைத் தானே முன்னின்று கவனித்தவர் என்று எழுதி வச்சிருக்காங்க.

மதுராந்தகம் ஏரி பெரிய ஏரி. மழை பலமா பெய்தா கரை உடைஞ்சிடும். கரையை ஒட்டித்தான் கோதண்டராமர் கோயில். (ராமானுஜருக்குப் பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் செய்து வச்சது இந்தக் கோயில் மகிழ மரத்தடியில்தான். மண்டபத்துக்குள்ளே இல்லை, மரத்தடியில். இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க.)

அந்த ஊர்க்காரங்க சொல்ற கதை உங்களில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். கோயிலுக்கு வந்த பிளேஸ் துரை, ஒரு பக்கம் கல் குவிஞ்சு கிடக்கிறதைப் பார்த்து, இதை ஏரிக்கரைக்குப் போடலாமேன்னாராம். அர்ச்சகர்கள், இது ஜனகவல்லித் தாயாருக்குச் சந்நிதி கட்ட சேர்த்து வச்ச கல், பணம் இல்லாம நிக்குதுன்னாங்க. "உங்க சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாத்தட்டும், நானே சந்நிதி கட்டித் தர்றேன்"னு துரை கொஞ்சம் கேலியாத்தான் சொன்னார். அந்த வருஷம் மழை கொட்டுது. ராத்திரி. கரை போயிடுச்சோன்னு துரை குடையைப் பிடிச்சுக்கிட்டு ஆட்களோட ஓடுறார். கரை மேல இரண்டு வாலிபர்கள் வில்லும் அம்புமா அங்கயும் இங்கயும் நடந்து காவல் காக்கிறாங்க. கூட வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. துரை மட்டும் அந்தச் சேற்றிலேயே மண்டி போட்டுட்டார். கரை உடையல. சொன்னபடி சந்நிதி கட்டினார். அதனாலதான் ஏரி காத்த ராமர்.

இது நடந்ததா என்று கேட்கிறவங்க கேட்கட்டும். தாயார் சந்நிதியில் இது கும்பினி ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று பொறிச்சிருக்கு. அது கல்லில் இருக்கு. எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது வேற ஒண்ணு. ராமர் அன்னிக்குக் காப்பாத்தினது கோயில் கோபுரத்தை இல்லை, உண்டியலை இல்லை. மண் கரையை. சேறும் தண்ணியும் நிக்கிற ஏரியை.

சரி, இப்ப பறவைக்கு வர்றேன்.

வேடந்தாங்கல் சின்ன ஊர். ஏரியும் சின்னது, 30 ஹெக்டர் அளவுதான். ஏரிக்கு நடுவுல தண்ணிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிக்கும். மழை பெய்து ஏரி நிறைஞ்சதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, கொக்கு எல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். சுற்றிலும் தண்ணி இருக்கிறதால பூனை, நரி ஒண்ணும் கிட்ட வர முடியாது. மார்ச், ஏப்ரல்ல குஞ்சோட கிளம்பிடும்.

ஊர்ப்பேரைப் பாருங்க. வேடன் தங்கின இடம். ஒரு காலத்துல அங்க வேட்டைதான் ஆடியிருக்காங்க. அப்படிப்பட்ட ஊர் எப்போ மாறிச்சு என்பதற்குத் தேதி கிடையாது. ஆனா 1700களின் கடைசியில் ஊர்க்காரங்க பறவையைத் தங்களுடைய சொத்தா நினைச்சாங்க என்பதற்கு ஆதாரம் இருக்கு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் துப்பாக்கியோட வந்து பறவைகளைச் சுட்டாங்க. ஊர் சும்மா இருக்கல. நேரா கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. அந்தக் கலெக்டர் யாரு? அதே பிளேஸ் துரைதான். 1798ல அவர் ஒரு கவுல் கொடுத்தார். கவுல்னா சர்க்கார் எழுதிக் கொடுக்கிற உறுதிப் பத்திரம். இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது, காப்பாத்துற உரிமை ஊருக்கு உண்டு.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல கம்பெனி சிப்பாய்க்கு எதிரா ஒரு கிராமத்து ஜனங்க போய் நிற்கிறதுன்னா சும்மாவா? தோட்டத்துல கிராணிக்கு எதிரா ஒரு வார்த்தை பேசவே எங்க அப்பா காலத்துல பயப்படுவாங்க. இவங்க பறவைக்காகப் போனாங்க. வெறும் பாசம் மட்டும் காரணமா இருந்தா போயிருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். வயிறும் அதுல இருந்தது.

எப்படின்னா, நாரையும் கொக்கும் சுற்றுவட்டார ஏரி, வயல், குட்டை எல்லாம் போய் மீன், நத்தை, தவளை, பூச்சி தின்னுட்டு சாயங்காலம் இந்த ஏரிக்குத் திரும்பும். எச்சம் எல்லாம் தண்ணியில் விழும். பல ஊர் சத்து ஒரே ஏரியில் வந்து சேருது. அந்தத் தண்ணியில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்திருக்கு. மதகைத் திறந்தா வயலுக்குப் போறது தண்ணி மட்டும் இல்லை, உரமும் சேர்ந்துதான். அந்தக் காலத்துல மூட்டை உரம் ஏது? அதனால ஊருக்குத் தெரியும், பறவை போனா விளைச்சல் போகும். நத்தைகுத்தி நாரை தின்கிற நத்தை நெல்லுக்கு எதிரிதான், அது இன்னொரு லாபம். (பத்து வருஷத்துக்கு மேலா நம்ம கெடா, பினாங்கு வயல்களுக்கும் இந்த நாரை கூட்டமா வருது. அங்க தங்க நத்தைத் தொல்லை எவ்வளவுன்னு நெல் விவசாயிகளைக் கேளுங்க.)

நாங்க போன அன்னிக்குக் கரைமேல ஒரு பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கிட்டு நின்னார். "ஐயா, இத்தனை நாற்றத்துல எப்படி இருக்கீங்க?"ன்னு நான் விளையாட்டாக் கேட்டேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "மாட்டுக் கொட்டாயில நாறாதா? அதுக்காக மாட்டை வெட்டிப்புடறதா தம்பி?"ன்னார். தீபாவளிக்கு அவங்க ஊர்ல வெடி வெடிக்கிறதில்லை. புள்ளைங்க அழாதான்னேன். "அழும். அப்புறம் பழகிரும்." அவ்வளவுதான் பதில்.

இந்த ஏற்பாடு தானா நிலைச்சு நிற்கல. 1858ல கவுலை மறுபடி புதுப்பிச்சு வாங்கினாங்க. 1936ல அன்றைய கலெக்டர் சரணாலயம்னு அங்கீகாரம் கொடுத்தார். 1962ல வனச் சட்டத்தின் கீழ் அறிவிச்சாங்க. 1998ல ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்னு விரிச்சாங்க. 2020ல அந்த 5 கிலோமீட்டரைக் குறைக்க ஒரு யோசனை வந்தப்போ பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 2022ல ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் பட்டியலில் சேர்ந்தது. காகிதம் மாறிக்கிட்டே இருக்கு. இரண்டு நூறு வருஷத்துக்கு மேலா மாறாம நின்னது ஊர் மட்டும்தான்.

1858ன்னு சொன்னேன் இல்லையா. அதே வருஷம் மெட்ராஸ்ல இன்னொரு சட்டமும் வந்தது. ஏரிக்கரை உடையப் போறப்போ ஊர்க்காரங்க கட்டாயமா வந்து வேலை செய்யணும்னு சட்டம். முன்னாடி களத்து நெல்லில் ஏரிப் பங்கை எடுத்து வச்சு, தானா செஞ்ச வேலை. அந்தப் பங்கைச் சர்க்கார் எடுத்துக்கிச்சு, வேலையை மட்டும் ஜனங்க தலையில் வச்சது. அப்புறம் ஏரி ஏன் தூர்ந்து போச்சுன்னு கேட்டா என்ன அர்த்தம்? லாபத்துல பங்கு இல்லாதவனை வேலைக்குக் கூப்பிட்டா வரமாட்டான். எங்க ஃபேக்டரியில் ஓவர்டைம் நிறுத்தின மாசம் பார்த்திருக்கேன். வேடந்தாங்கல் தப்பிச்சதுக்குக் காரணமே, அங்க பங்கு கையை விட்டுப் போகல. மதகுத் தண்ணி அவங்க வயலுக்குத்தான் போச்சு.

வேடந்தாங்கல் மட்டும் இல்லை. நம்மில் நிறைய பேருக்குப் பூர்வீகம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். அங்க கொள்ளுக்குடிப்பட்டின்னு ஊர், வேட்டங்குடி சரணாலயம், 1977ல அறிவிச்சது. அந்த ஊரும் தீபாவளிக்கு வெடி போடாது. திருநெல்வேலி கூந்தன்குளத்துல பறவை வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். குளத்து வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவாங்க, அதுல எச்சம் கலந்திருக்கிறதால. இதெல்லாம் அரசாங்கம் பலகை வைக்கிறதுக்கு முன்னாடியே ஊர் செஞ்ச வேலை.

இது தமிழ்நாட்டுக் கதை, நமக்கு என்னன்னு கேட்கிறவங்களுக்கு. அதே ராம்சார் பட்டியலில் நம்ம ஜோகூர்ல மூணு இடம் 2003லேயே சேர்ந்தாச்சு. தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கப் போயிருப்பீங்க. ஆற்றோரம் பெரெம்பாங் மரத்துலதான் அது ஒட்டி மின்னும். மரம் போனா மின்மினி போகும், மின்மினி போனா படகுக்காரர் பிழைப்பு போகும். சபாவில் தாகால்னு ஒரு வழக்கம், ஆற்றின் ஒரு பகுதியில் கிராமமே சேர்ந்து மீன்பிடிக்கிறதை நிறுத்தி வைக்கும், பிறகு நாள் குறிச்சு எல்லாருமா பிடிச்சுப் பங்கு போட்டுக்குவாங்க. பாபாகோன் ஆறு அதுக்குப் பேர் போனது.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம செம்பனைக் காட்டுக்கே வர்றேன். கித்தா மரம் போய் செம்பனை வந்தப்போ கூடவே எலியும் வந்தது. செம்பனைப் பழத்தை எலி கடிச்சே பாழாக்கும். விஷம் வச்சாங்க. எலி செத்தது, லயத்துப் பூனையும் நாயும் சேர்ந்து செத்தது. அப்புறம் கம்பத்து மேல பலகைப் பெட்டி அடிச்சு வச்சாங்க, கூகை குடியிருக்க. கூகை அலறினா சாவு விழும்னு எங்க பாட்டி செருப்பைத் திருப்பிப் போடுவாங்க. பெட்டி வச்ச புதுசுல எங்க லயத்துப் பையன்களே கல்லால அடிச்சோம், நானும் அடிச்சிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். அப்ப இருந்த தண்டல், பேர் வேண்டாம், ஒரு நாள் எங்களை எல்லாம் நிறுத்தி வச்சு, "டேய், லட்சுமி எதுல வர்றா தெரியுமா? போய் உங்க ஆயாவைக் கேளு"ன்னார். வட நாட்டுப் படத்துல லட்சுமிக்கு ஆந்தைதான் வாகனம். அன்னையிலேர்ந்து கல் எறியிறது நின்னுபோச்சு. ஒரு ஜோடி கூகை, குஞ்சுகளோட சேர்ந்து, வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல எலி பிடிக்கும்னு சொல்றாங்க. பெட்டி வச்சது கம்பெனி, கல் எறியாம இருந்தது லயத்துப் பிள்ளைங்க, எலி பிடிச்சது கூகை. மூணு பேரும் சேர்ந்தாத்தான் அந்த ஏற்பாடு நடக்கும்.

இப்ப நம்ம மரம்.

நம்ம தாத்தா, பாட்டி தோட்டத்துக்கு வந்தப்போ சிற்பி வரல, ஆகமம் வரல. ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலத்தைக் குத்தி வச்சு, மாரியம்மான்னாங்க, முனியாண்டின்னாங்க. ஊர்ல அய்யனார் ஏரிக்கரையில் மரத்தடியில் இருப்பார், கோயில் காட்டுல சுள்ளி ஒடிக்கவே பயப்படுவாங்க. அந்த ஞாபகத்துல செஞ்சது. கூரை பிறகு வந்தது, மண்டபம் அதுக்கும் பிறகு. நாங்க பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலுக்கும் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. மறுநடவு செஞ்ச வருஷம் எங்களை வெளியேத்திட்டு மரத்தையும் சாய்ச்சாங்க. எங்க அப்பா வேலைக்குப் போகாம மரத்துக்கு எதிர்ல குந்தி உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் பேசல. புல்டோசர் போனதுக்கு அப்புறம் ஒரு துண்டு வேரை எடுத்து வேட்டியில் முடிஞ்சுக்கிட்டு வந்தார். ரொம்ப நாள் சாமி மாடத்துல இருந்தது.

அப்ப நம்மகிட்ட கேட்காம வெட்டினாங்க. அவங்க நிலம், அவங்க மரம், நமக்கு வாய் கிடையாது. இப்ப இது நம்ம கோயில், நம்ம மரம், நாமளே 1,800 வெள்ளி கொடுத்து வெட்டப் போறோம். எனக்கு வயிறு எரியுதுன்னா அதனாலதான்.

கார் அழுக்காகிறவங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல. தகரக் கூரை துருப்பிடிக்கும், உண்மைதான். சின்னப் பிள்ளைங்க விளையாடுற இடத்துல எச்சம் கிடக்கக்கூடாது, அதுவும் உண்மை. அதனால வெறும் கையோட வந்து மரத்தை விடுங்கன்னு கேட்கல. கூட்டத்துல நான் வைக்கப் போறது இது.

கார் நிறுத்துறதை மரத்தடியிலிருந்து வேலிப் பக்கம் மாத்தணும், கோடு போடுற பெயின்ட் என் உபயம். மரத்துக்குக் கீழே கருப்பு வலை விரிச்சா எச்சமும் சருகும் அதுலயே விழும். வாரம் ஒரு நாள் வலையை மடிச்சு அள்ளணும். அள்ளும்போது காய்ஞ்ச எச்சத்தை அப்படியே பெருக்காதீங்க, தூசி நெஞ்சுக்கு ஆகாது. முதல்ல தண்ணி தெளிச்சு நனைக்கணும், முகக்கவசம், கையுறை போட்டுத்தான் தொடணும். ஃபேக்டரியில் இதுக்கு நான் தினம் கத்துறேன், இங்கயும் கத்துவேன். அள்ளினதைச் சருகோட சேர்த்து மட்க வச்சா சில மாசத்துல நல்ல உரம். கோயிலுக்குப் பின்னாடி வாழையும் கீரையும் போடுற நம்ம பெரியவங்க இரண்டு பேர், "முதல் மூட்டையை எங்களுக்குக் கொடு"ன்னு இப்பவே சொல்லிட்டாங்க. மிச்சத்தை மூட்டை கட்டி 5 வெள்ளிக்குக் கொடுத்தா அந்தப் பணம் அன்னதானத்துக்குப் போகட்டும். கணக்கு நோட்டு உண்டு, யார் வேணும்னாலும் பார்க்கலாம், உத்திரமேரூர் விதிப்படி.

பட்டாசு விஷயம். இந்தத் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மரத்துப் பக்கம் வேண்டாம், சாலை ஓரமா போட்டுக்கலாமான்னு கேட்கப் போறேன். பிள்ளைங்க அழும்தான்.

மரக்கிளை ஒண்ணு விமானத்துப் பக்கம் சாய்ஞ்சிருக்கிறது எனக்கும் தெரியும். அந்த ஒரு கிளையை மட்டும், கூடு இல்லாத மாசமா பார்த்து, மரம் தெரிஞ்ச ஆளை வச்சு வெட்டிக்கலாம். அதுக்கு 1,800 வெள்ளி ஆகாது.

கூட்டம் வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு. அதுக்கு முன்னாடி ஏழரைக்கு மரத்தடியில் ஒரு கொத்தோங் ரோயோங் வச்சிருக்கேன், சுத்தம் பண்ணின இடத்தைப் பார்த்துட்டு எல்லாரும் முடிவு எடுக்கட்டும். வலை நான் கொண்டு வர்றேன். முகக்கவசம் ஒரு பெட்டி இருக்கு. தண்ணிக் குழாய் இருக்கிற வீட்டுக்காரங்க நீளமான ஓஸ் ஒண்ணு கொண்டு வந்தா உதவியா இருக்கும். மரத்தை வெட்டணும்னு சொன்ன இரண்டு அண்ணன்களுக்கும் நானே நேர்ல போன் பண்ணிட்டேன். ஒருத்தர் வர்றேன்னார். இன்னொருத்தர் இன்னும் எடுக்கல, மறுபடி கூப்பிடுவேன். பசியாற இட்லி, சாம்பார் என் வீட்டுக்காரம்மா பொறுப்பு. எத்தனை பேருன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, மாவு ஆட்டணும்.